நினைவஞ்சலிக்கு நான்கு வரி

அங் மோ கியோ, சிங்கப்பூர்,
26.10.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பணம் வெள்ளிக்கிழமையே கணக்கில் ஏறிவிட்டது. அனுப்ப வேண்டாம் என்று போன மாதமும் சொன்னேன், அதற்கு முந்தைய மாதமும் சொன்னேன். எனக்கு என்ன செலவு இருக்கிறது? காலையில் கீழே காப்பிக் கடையில் ஒரு தேநீர், இரண்டு ரொட்டி. மதியச் சாப்பாடு உன் தம்பி வீட்டிலிருந்து வந்துவிடுகிறது. இரவில் கஞ்சி. முன்னோடித் தலைமுறை அட்டை இருப்பதால் பலதுறை மருந்தகத்திலும் கழிவு உண்டு. அப்படியிருக்க இந்த மாதம் ஏன் இரண்டு மடங்கு அனுப்பியிருக்கிறாய்? தீபாவளிக்கு என்றால், இந்த ஆண்டு நமக்குத் தீபாவளி கிடையாது என்பது உனக்குத் தெரியும். பணத்தை உன் கையிலேயே வைத்துக்கொள். தன் பெயரில் நாலு காசு இல்லாத பெண் எந்த வீட்டிலும் விருந்தாளிதான் என்று உன் அம்மா சொல்வாள். அவள் அப்படிச் சொன்னபோதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது நானே அதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே மெல்பர்னில் வெயில் தொடங்கியிருக்கும். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிவிடாதே. இரவில் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுப் படு.

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. கார்த்திகையில் அம்மாவுக்குத் தலைத் திவசம் வருகிறது. தமிழ் முரசில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போட வேண்டும் என்று தம்பி ஒரு மாதிரியைத் தயாரித்துக் கொண்டுவந்தான். ‘பாசமிகு மனைவியே, அன்பு அன்னையே, அருமைப் பாட்டியே, நீங்கள் மறைந்தாலும் உங்கள் நினைவு மறையாது.’ நான்கு வரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துப்பிழைகூட இல்லை. அவன் போன பிறகு கட்டி வைத்திருந்த பழைய முரசுகளை எடுத்துப் புரட்டினேன். ஒரே பக்கத்தில் மூன்று பாசமிகு மனைவிகள், இரண்டு அருமைப் பாட்டிகள். படத்தை மறைத்துக்கொண்டு படித்தால் யார் யாரென்று அவரவர் வீட்டுக்காரருக்கே தெரியாது. பாசமிகு என்று போட்டால் உன் பெரிய அத்தை வேறு சிரிப்பாள். அந்தப் பித்தளைக் குடத்துக்காகப் பத்து வருடத்துக்கு மேல் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் இருந்தவள் அவள். அத்தையும் லேசுப்பட்டவள் இல்லை, அது வேறு.

படத்தையும் தம்பியே தேர்ந்தெடுத்திருக்கிறான். அவன் கல்யாணத்தில் எடுத்தது. பச்சைப் பட்டு, பெரிய பொட்டு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ உறுத்தியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருக்கின்றன! கேட்டால், “வலது கண் கொஞ்சம் சுருங்கியிருந்தது அப்பா, கணினியில் சரிசெய்துவிட்டேன்” என்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அது பழுதில்லை, ஏழு வருடச் சம்பளம்” என்றேன். பாவம், விழித்தான். அவன் பிறந்தபோது அவள் தொழிற்சாலையை விட்டு வந்துவிட்டாள். உனக்கும் பார்த்த நினைவு இருக்க வழியில்லை, ஆனால் உன்னிடம் அவள் சொல்லியிருப்பாள். உன்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்வாளே.

நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். உன் தாத்தா அங்கே கிரேன் ஓட்டினார். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை முதல் மாணவி. முரசின் மாணவர் மணிமன்ற மலரில் அவள் எழுதிய நான்கைந்து வரி, பெயரோடு அச்சாகி வந்திருக்கிறது. அந்தத் துண்டுத் தாளை எனக்குக் காட்டுவதற்கே கல்யாணமாகிச் சில வருடங்கள் பிடித்தன. மேலே படிக்க ஆசை. தமிழில் உயர்நிலை வகுப்பு படிக்க வேண்டுமானால் உமறுப் புலவர் பள்ளிக்குத்தான் போக வேண்டும், அது நகரத்தில் இருந்தது. செம்பவாங்கிலிருந்து பெண் பிள்ளை பஸ் மாறி நகரத்துக்குப் போய் வருவதா என்று தாத்தா மறுத்துவிட்டார். அதைப் பற்றி அவள் ஒருநாளும் தாத்தாவைக் குறை சொன்னதில்லை. ஆனால் நீ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதிய அன்று உன் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நீ நிரப்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் 1971க்குள் படைகளை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். இன்றைக்குப் பள்ளிப் புத்தகத்தில் அது ஒரு வரி. தளத்தை நம்பி அடுப்பெரித்த வீடுகளில் அது எப்படி விழுந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவன். கப்பல் துறையை அரசாங்கம் எடுத்துப் பட்டறையாக நடத்தியதால் என்னைப் போன்ற இளவட்டங்கள் தப்பித்தோம். வயதானவர்களுக்குக் கணக்கு முடித்துக் கையில் கொடுத்தார்கள். தாத்தாவுக்குக் கீழே அப்போது படிக்கிற பிள்ளைகளே நான்கு பேர். உன் அம்மாதான் மூத்தவள். அடுத்த வருடமே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். அந்தக் காலத்தில் காலாங் பக்கம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. தலைமுடியைவிட மெல்லிய பொன் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துச் சில்லின் மேல் ஒட்ட வேண்டும். ஷிப்ட் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். மூச்சை இழுத்து விட்டால் கை அசைந்துவிடுமாம். தம்பிகள் மூவரும் தங்கையும் படித்து முடித்துக் காலூன்றும் வரை இருபத்தாறு வயதாகியும் கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை. 1973இல் என் அம்மா பெண் பார்க்கப் போனபோது, “பெண்ணுக்கு வயது கூடுதல், கண் வேறு ஒரு மாதிரி” என்று வந்து சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். என் சட்டையில் மூன்றாவது பொத்தானின் நூல் பிரிந்திருப்பதைத் தேநீர் கொடுத்த கையோடு கண்டுபிடித்தாள். சொல்லவில்லை, பார்த்தாள். நான் கையால் மறைத்துக்கொண்டேன்.

அந்தக் கண்ணைத்தான் உன் தம்பி சரிசெய்திருக்கிறான்.

நீ 1976இல் பிறந்தாய். ‘பெண்ணோ ஆணோ, இரண்டு போதும்’ என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்த காலம். முதலில் பெண்ணா என்று என் பக்கத்து உறவினர் ஒருவர் இழுத்தார். பிள்ளை பெற்று மூன்றாம் நாள், படுக்கையிலிருந்தே அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அவர் அதன் பிறகு நம் வீட்டில் காப்பித்தண்ணீர் குடிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஒரு நாளைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். 1978 அக்டோபர் 12. உனக்கு இரண்டு வயது. ஜூரோங்கில் ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பலைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அது வெடித்தது. மதிய உணவு முடிந்து ஆட்கள் உள்ளே இறங்கிய நேரம். 76 பேர் போய்விட்டார்கள். நான் அந்த நேரத்தில் செம்பவாங்கில் வேறொரு கப்பலின் அடித்தளத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். எங்களுக்குச் செய்தி வர மாலையாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வானொலியில் கப்பல் பட்டறையில் வெடிவிபத்து என்பது வரைதான் கேட்டிருக்கிறார். எந்தப் பட்டறை என்பது அவர் காதில் விழவில்லை. வேலை முடிந்து நான் வெளியே வந்தபோது வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இவளும் நின்றாள். என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “பாப்பா வீட்டில் அழுதுகொண்டே இருந்தாள், கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று கூட்டிவந்தேன்” என்றாள். நீ அவள் தோளில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். மூவரும் நடந்தே வீட்டுக்குப் போனோம். அடுப்பில் மீன்சட்டி கரியாகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்து அடுப்பு தானாக அணைந்திருந்ததால் வீடு பிழைத்தது. அந்தச் சட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மறுநாள் அது வீட்டில் இல்லை.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், அந்த நான்கு வரியில் இது எங்கே வருகிறது என்று தம்பியிடம் கேட்டேன். விளம்பரத்தின் அளவுக்குத் தகுந்த காசு அப்பா, இவ்வளவையும் போட முடியாது என்கிறான். அவன் சொல்வதும் சரிதான்.

அடுத்த வருடம் அங் மோ கியோவில் இந்த மூன்றறை வீடு கிடைத்தது. முன்பணத்துக்கு என் சேமநிதி போதவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் அவள் பெயரில் சேர்ந்திருந்த மத்திய சேமநிதிதான் கைகொடுத்தது. ஆகவே இந்த வீட்டின் ஜன்னல் பக்கம் அவளுடையது, கழிவறைப் பக்கம் என்னுடையது என்று சொல்லிச் சிரிப்பாள். வந்த வாரமே நடைபாதையில் கருவேப்பிலைச் செடியை வைத்துவிட்டாள். அது இன்னும் இருக்கிறது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக்தான் தண்ணீர் ஊற்றுகிறார், நான் ஊற்றினால் தட்டில் தேங்கிவிடுகிறதாம், கொசு அதிகாரிகள் வந்தால் அபராதம் என்று என்னைத் தொடவிடுவதில்லை. அம்மாவும் அவரும் நாற்பது வருடத்துக்கு மேல் கதவுக்குக் கதவு மலாயில் பேசிக்கொண்டவர்கள். இப்போது அவர் என்னிடம் பேச வார்த்தை தேடுகிறார். நானும் தேடுகிறேன். கடைசியில் இருவரும் செடியைப் பார்க்கிறோம்.

எம்ஆர்டி ஓடத் தொடங்கியது நினைவிருக்கிறதா? 1987 நவம்பர் 7. யோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்கள். மறுநாள் நம் நால்வருக்கும் புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள், ரயில் பயணம் என்றால் கட்டுச்சோறு இல்லாமலா என்று. உள்ளே சாப்பிடக் கூடாது என்ற அறிவிப்பை நீதான் படித்துச் சொன்னாய். தோ பாயோ வந்ததும் இறங்கி, அடுத்த ரயிலில் திரும்பி, இந்தச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இவ்வளவு சீக்கிரம் முடிகிறதற்குப் பெயர் பயணமா என்று அவள் அரசாங்கத்தின் மேல் வெகுநாள் குறைப்பட்டாள்.

குட்டியைப் பற்றி எழுதாமல் பாட்டியைப் பற்றி எழுத முடியாது. 2020இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை இங்கே எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தோம். அங்கே மெல்பர்னில் அதைவிட மோசம். இங்கிருந்துகொண்டு பத்து வயதுப் பிள்ளைக்குப் பாடப் புத்தகம் வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தால் ஓடிவிடுவாள் என்று இவளுக்குத் தெரியும். தேக்காவுக்குப் போக வேண்டும், என்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக் காட்டு என்பாள். குட்டி தாளில் எழுதித் திரையில் காட்டுவாள், இவள் படித்துப் பிழை திருத்துவாள், பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு நான் உண்மையாகவே போய் வாங்கி வர வேண்டும். ‘கத்திரிகாய் அறை கிலோ’ என்று அவள் எழுதியதை நானே கண்ணால் பார்த்தேன். ஒருநாள் பட்டியலின் கடைசியில் ‘ஒரு யானை’ என்று எழுதியிருந்தாள். பாட்டி கொஞ்சமும் சிரிக்காமல், “தாத்தா கேட்டுப் பார்த்தார், காலையிலேயே விற்றுத் தீர்ந்துவிட்டதாம், நாளைக்குச் சீக்கிரம் போகச் சொல்கிறேன்” என்றாள். அன்றிலிருந்து எல்லாப் பட்டியலிலும் யானை இருந்தது. இப்போது குட்டி எனக்கு அனுப்பும் செய்திகள் எல்லாம் தமிழில்தான் வருகின்றன. பதினைந்து வயதில் அந்த ஊரில் வளரும் எந்தப் பிள்ளை இப்படி எழுதும்? உன் வளர்ப்பு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கீழ்த்தளத்தில் செஸ் ஆடும் சீனக் கிழவர்களுக்குக்கூடத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டி கூப்பிட்டாள். நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அழகாக இருந்தது. பின்னால் தெரிந்தது உன் சமையலறை இல்லை. ஜன்னல் இடப்பக்கம் இருந்தது, சுவர் நீலமாக இருந்தது. யாராவது சிநேகிதி வீடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலியில் ஒரு கோட்டு தொங்கியது, நம் மாப்பிள்ளை 2019இல் இங்கே வந்தபோது போட்டிருந்தாரே, அதே சாம்பல் நிறம். சாம்பல் நிறக் கோட்டு ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கும். நான் நாயின் பெயரைக் கேட்டேன். சொன்னாள், மறந்துவிட்டது.

நீ சாப்பிடுகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு ஆளுக்கு என்ன சமைப்பது என்று சோம்பல்படாதே. நானும் ஒரு ஆள்தான், கஞ்சி வைத்துக்கொள்கிறேன். குட்டி வீட்டில் இல்லாத நாளிலும் சமைத்துச் சாப்பிடு என்று சொல்கிறேன், அவள் பள்ளி முகாம், சிநேகிதி வீடு என்று போகிற நாட்களைச் சொல்கிறேன். இரவில் தாழ்ப்பாள் போடு.

மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் காரியத்துக்கு வந்தார், கீழ்த்தளத்தில் கடைசி வரை நின்றார், மண்டாய் தகனச்சாலையில் தோள் கொடுத்தார். ஹோட்டலில் தங்கியது வேலை அழைப்புகளுக்காக என்று சொன்னாய். வீட்டில் அவ்வளவு கூட்டத்தில் எப்படிப் பேச முடியும்? சரிதான். இருந்தாலும் சொந்த மாமியார் வீட்டில் அவருக்கு ஒரு பாய் இல்லாமல் போயிற்றே என்று எனக்கு இருந்தது.

இருபது வருடமாக நீ அழைக்கும்போதெல்லாம் நான் தொலைபேசியை எடுத்தால் சொல்வது ஒன்றே ஒன்று, “இரு, அம்மாவிடம் தருகிறேன்.” நீயும் “சரி அப்பா” என்பாய். அது நமக்குப் பழகிவிட்டது. பிறகு அவள் ஒரு மணி நேரம் பேசுவாள், நான் செய்தி பார்ப்பேன், முடிந்ததும் பாப்பா நன்றாக இருக்கிறாள் என்பாள், எனக்கு அது போதும். இப்போது நீ அழைத்தால் நானே பேச வேண்டியிருக்கிறது. வெயிலா மழையா என்று கேட்கிறேன். நீ சொல்கிறாய். பிறகு உனக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் மாதத்திலிருந்து நீ அழைப்பதும் குறைந்துவிட்டது, பணம் மட்டும் தவறாமல் வருகிறது. நான் கோபமாக எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

அம்மா கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது நீ வந்திருந்தாயே, அப்போது நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். “தண்ணீர் குடித்தீர்களா, முழங்கால் எப்படி இருக்கிறது” என்று என்னை விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள், படுக்கையில் கிடப்பது நான் என்பதுபோல. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். நீ ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு மாலையில், அவளாகவே என் கையைப் பிடித்து, “பாப்பாவிடம் எதுவும் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டீர்களானால் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவாள்” என்றாள். என்னவென்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் ஒன்றைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தால் பூமி புரண்டாலும் சொல்ல மாட்டாள் என்பது உனக்கே தெரியும். உன் பொருளை அவள் பத்திரமாகத்தான் கொண்டுபோயிருக்கிறாள். என்னிடமும் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமை. ஐம்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவன், என்னை நம்பி ஒன்றைச் சொல்லக் கூடாதா, நீயாவது சொல்லக் கூடாதா? சரி, அது போகட்டும். எனக்கு இடப்பட்ட உத்தரவை நான் ஒரு வருடமாக மீறவில்லை. இந்தக் கடிதத்திலும் நான் எதையும் கேட்கவில்லை. வேண்டுமானால் மறுபடி படித்துப் பார்.

விளம்பரத்துக்கு வருகிறேன். வரிகளுக்குக் கீழே குடும்பத்தார் பெயர் போட வேண்டும். வழக்கப்படி கணவர், மகள், மருமகன், மகன், மருமகள், பேத்தி, பேரன்கள். தம்பி கொண்டுவந்த மாதிரியில் எல்லார் பெயரும் அச்சாகியிருக்கிறது. உன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. நான் தாளைப் பார்த்தேன், அவன் கைத்தொலைபேசியைப் பார்த்தான். “அக்காவிடம் கேட்டுக்கொள்ளலாம் அப்பா” என்றான். அவனுக்கும் தெரியும் போலிருக்கிறது. இந்த வீட்டில் செய்தி என்னைத் தவிர எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அவன் போன பிறகு மாப்பிள்ளையின் பெயரை அந்த இடத்தில் நானே எழுதி வைத்தேன். பென்சிலால் எழுதியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும் என்றால் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால் ரப்பரால் அழிக்க ஒரு நிமிடம். ஏன் என்று கேட்க மாட்டேன். உன் பெயர் எப்படியும் முதலில் இருக்கும், நீ மூத்தவள். தனியாக இருந்தாலும் அந்த வரி நன்றாகத்தான் இருக்கும், எழுதியும் பார்த்துவிட்டேன். நவம்பர் பத்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று தம்பி சொல்கிறான்.

மேலே உள்ள நான்கு வரியை நீ எழுது. என்னால் நான்கு வரிக்குள் அடக்க முடியவில்லை, இந்தக் கடிதமே சாட்சி. உனக்கு அவளைத் தெரிந்தது போல எங்கள் யாருக்கும் தெரியாது. கண்ணை மட்டும் பழையபடி விட்டுவிடச் சொல்லி தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். பட்டுப் புடவைப் படமும் வேண்டாம், பேரனின் பிறந்தநாளில் மக்சிக்கோடு நின்று எடுத்தாளே, அதில் அவளை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். மக்சிக்கின் தோள் கொஞ்சம் வருமாம். வந்தால் வரட்டும்.

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. தையல் மிஷின் இருந்த அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். மிஷினை யாருக்கும் கொடுக்கவில்லை, சுவரோரம் தள்ளியிருக்கிறேன், குட்டிக்கும் பாய் போட இடம் இருக்கிறது. அவளுக்குத் தேர்வு இருந்தால் அவளை அங்கேயே யாரிடமாவது விட்டுவிட்டு நீ மட்டும் வந்தாலும் சரி. வந்தால் உடனே திரும்பிப் போக அவசரப்படாதே. விடுப்பு கிடைக்குமானால் பொங்கல் வரை இரு. அதற்குப் பிறகும் இரு. வீடு பெரிதாக இருக்கிறது.

சாங்கிக்கு நான் வருவேன். டாக்சியில் வந்துகொள்கிறேன் என்று போன முறைபோல் சொல்லாதே. நடுராத்திரி விமானமாக இருந்தாலும் எனக்குச் சிரமம் இல்லை, எப்படியும் தூக்கம் வருவதில்லை. எந்த விமானம், எந்த முனையம் என்று மட்டும் எழுது. போன தடவை நான் இரண்டாம் முனையத்தில் நிற்க நீ மூன்றாம் முனையத்தில் இறங்கினாய்.

அன்புடன்,
அப்பா